கீழ்ப்படிதல் எந்த வசனத்தில் தொடங்குகிறது?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 32. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு வயதில் ஒரு மகள். கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். குடிக்க மாட்டார், என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, ஜெபிக்கிறவர். ஆனால் வாரத்தில் ஐந்து மாலை வீட்டில் இருப்பதில்லை. வீட்டுக்கூட்டம், பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் ஐக்கியம், வெள்ளி உபவாச ஜெபம் என்று போனால் இரவு பத்தரைக்குத்தான் வருகிறார். என் ஏடிஎம் கார்டு அவரிடம் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றே அத்தையின் கைக்குப் போய்விடும். பஸ்ஸுக்கும் மகளின் பாலுக்கும் நான் கேட்டு வாங்க வேண்டும். போன ஆண்டு ஒரு நற்செய்திக் கூட்டத்துக்காக என்னிடம் சொல்லாமலே 80,000 ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் என்று நாற்பது நாளும் தனி அறையில் படுத்துக்கொண்டார். கேட்டால், "ஊழியத்துக்குத் தடையாக இராதே, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்றுதான் வேதம் சொல்கிறது" என்கிறார். போதகரிடம் சொன்னேன், பொறுமையாக ஜெபியுங்கள் என்றார். ஜெபிக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் ஆலயத்தில் அவர் பாடும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் விசுவாசத்தில் விழுந்துகொண்டிருக்கிறேனா? நல்ல கிறிஸ்தவக் குடும்பமாக நாங்கள் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பி.கு.: என் தங்கைக்கு ஜனவரியில் திருமணம். அவளுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்றே தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளே,

உங்கள் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த உரிமையில் இப்படி அழைக்கிறேன். பாளையங்கோட்டையில் 27 ஆண்டுகளாகக் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சபைக் குடும்பங்கள்தான். உங்கள் கடிதத்தில் உள்ள வீட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குடி இல்லை, அடி இல்லை, வெளியே எல்லாரும் "கொடுத்து வைத்தவள்" என்று சொல்வார்கள். உள்ளே ஒருத்தி தட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். இல்லை, நீங்கள் விழவில்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் அப்போஸ்தலனாகிய பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் சொல்கிறார். கோபம் வரும் என்பதை அவர் ஒப்புக்கொண்டே பேசுகிறார். ஆலயத்தில் அவர் பாடும்போது வருகிற கோபம் தேவன்மேல் உள்ள கோபம் அல்ல. அந்தக் குரல் வீட்டில் கேட்கவில்லையே என்ற ஏக்கம் அது. அதை அவிசுவாசம் என்று எண்ணி உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தக் கீழ்ப்படிதல் வசனம். உங்கள் கணவர் சொல்வது எபேசியர் 5ஆம் அதிகாரம் 22ஆம் வசனம். நம் ஊரில் அநேகக் கல்யாணங்களில் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வரி மேலே, 21ஆம் வசனத்தில், "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. இதைச் சும்மா பக்கத்து வசனம் என்று தள்ள முடியாது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்கென்று தனியாக வினைச்சொல்லே கிடையாது. 21இல் இருக்கிற "கீழ்ப்படிந்து" என்ற சொல்தான் 22க்கும் பொருள் தருகிறது. மேல் வரியை வெட்டிவிட்டால் கீழ் வரி நிற்காது. ஒருவருக்கொருவர் என்ற மண்ணில்தான் மனைவியின் கீழ்ப்படிதல் வேர் விடுகிறது. மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் செடியை மட்டும் கேட்கிறோம் நாம்.

அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். மனைவிகளுக்கு மூன்று வசனம். 25இல் தொடங்கி அதிகாரம் முடிகிறவரை பெரும்பாலும் கணவர்களுக்குத்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தாரே, அப்படி மனைவியிடம் அன்புகூரச் சொல்கிறார். ஒப்புக்கொடுப்பது என்றால் சிலுவை. அன்றைய ரோம உலகில் வீட்டுத் தலைவனுக்கு இருந்த அதிகாரம் மிகப் பெரிது. மனைவி, பிள்ளை, அடிமை எல்லாரும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் அடங்கி நடக்க வேண்டும் என்று எழுதினால் அன்று யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நீ அவளுக்காக உன்னைக் கொடு என்று அந்தத் தலைவனிடம் சொன்னதுதான் புதிது. நம் மேடைகளில் அந்தப் புதிய பாதி ஒலிப்பது குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

"துணை" என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 2:18இல் "ஏற்ற துணையை அவனுக்கு உண்டாக்குவேன்" என்கிறார் கர்த்தர். துணை என்றால் கூடமாட ஒத்தாசை செய்கிற கையாள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருக்கிற எபிரெயச் சொல் "ஏசெர்". 121ஆம் சங்கீதத்தில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று நாம் பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் இதே சொல்தான். அங்கே ஒத்தாசை கர்த்தரிடத்திலிருந்து வருகிறது. தேவனுக்குச் சொல்லத் தகுந்த சொல்லை மனைவிக்குச் சொல்லியிருக்கிறது வேதம். நீங்கள் வாய் திறந்து "இது சரியில்லை" என்று சொல்வதும் அந்தத் துணையின் வேலையில் சேர்ந்தது.

ஊழியத்தைப் பற்றி நான் இலேசாகப் பேச மாட்டேன். அவருடைய வாஞ்சை உண்மையானது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதை அணைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசித்ததுண்டா? எத்திரோ வருகிறார், மோசேயின் மாமனார். தனியாக வரவில்லை. மோசே முன்பே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மறுநாள் பார்க்கிறார்: மருமகன் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டே இருக்கிறார். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மாமனார் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், பொறுப்பைப் பங்கிட்டுக் கொடும் என்கிறார். சிப்போராளுக்காகத்தான் அவர் அதைச் சொன்னார் என்று வேதத்தில் இல்லை. நான் அப்படிச் சேர்த்துச் சொல்லவும் கூடாது. ஆனால் மகளையும் பேரன்களையும் கொண்டுவந்து விட்ட மறுநாள் அந்தக் காட்சியைப் பார்த்த ஒரு தகப்பனின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. தேவனோடு முகமுகமாய்ப் பேசிய மனிதர் மோசே. அவரே இந்த ஆலோசனையைத் தட்டாமல் கேட்டு அப்படியே செய்தார்.

கேட்காமல் போனவர்களும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751இல் மேரி வசீல் என்ற விதவையை மணந்தார். மணமான மறுமாதமே, மெதடிஸ்ட் பிரசங்கி ஒருவர் கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக ஒரு பிரசங்கத்தையோ ஒரு நாள் பயணத்தையோ குறைத்தால் தேவனுக்கு எப்படிக் கணக்குக் கொடுப்பார் என்ற கருத்தில் தம் நாட்குறிப்பில் எழுதினார். குறைக்கவும் இல்லை. அந்த வீடு நிலைக்கவில்லை. அந்த அம்மா பொறாமைக்காரி, அவருடைய கடிதங்களை எடுத்துப் படித்தவர் என்பதெல்லாம் உண்மைதான்; குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. 1771இல் அந்த அம்மா வீட்டை விட்டுப் போனார். நான் அவளை விடவில்லை, அனுப்பவில்லை, திரும்ப அழைக்கவும் மாட்டேன் என்று எழுதினார் வெஸ்லி. 1781இல் அந்த அம்மா இறந்தபோது, அடக்கம் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. இலட்சக்கணக்கானோருக்கு ஆறுதல் சொன்ன மனிதர் அவர். அவருடைய ஊழியத்தை நான் மதிக்கிறேன். அவருடைய பாடல்களையும் அவர் தம்பியின் பாடல்களையும் பாடித்தான் வளர்ந்தேன். ஆனாலும் ஒரு பெண்ணாக அந்த ஓரிரு நாளை என்னால் கடந்து போக முடிவதில்லை.

"ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது சபைக் கண்காணிப்பாளருக்கு மட்டும் என்று சிலர் ஒதுக்குவார்கள். சபையில் பொறுப்பு எடுக்கிற எவருக்கும் அது பொருந்தும் என்பதே என் எண்ணம். வீடுதான் அவருடைய முதல் சபை. அந்தச் சபையில் அங்கத்தினர் இரண்டே பேர், நீங்களும் மகளும். வருகைப்பதிவு எடுத்தால் மேய்ப்பர் மட்டும்தான் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கையில் ஒரு நீண்ட கணக்கு நோட்டு. ஜெப நோட்டு அது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். யாருக்கு எப்போது அறுவைசிகிச்சை, யார் மகனுக்கு எந்தத் தேதியில் தேர்வு, யார் வீட்டில் கடன் என்று நீல மையில் எழுதி, ஜெபம் கேட்கப்பட்டதும் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது. "உங்கள் மனைவியின் பக்கம் எது தம்பி?" என்று கேட்டேன். அவர் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டினார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் சேலை முந்தானையின் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் மனைவியின் பெயரை எழுதி, "உனக்கு என்ன எழுத?" என்று கேட்டார். "வியாழக்கிழமை தைராய்டு ரிப்போர்ட் வருகிறது" என்றார் அந்த அம்மா. பரிசோதனைக்குப் போனதே கணவருக்குத் தெரியாது.

அவர் கெட்டவர் இல்லை. உங்கள் கணவரும் இல்லை. வெளியே ஒருவர் அழுதால் அது ஜெபவிண்ணப்பம், வீட்டில் மனைவி அழுதால் அது தொந்தரவு என்று எங்கேயோ நாம் ஆண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

பேசத்தான் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. இரவு பத்தரைக்கு அவர் செருப்பைக் கழற்றும்போது தொடங்காதீர்கள். இருவரும் களைத்திருப்பீர்கள், ஒருவருக்குப் பசி, ஒருவருக்குத் தூக்கம். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் சகாவுடன் புதிதாய் மணமான 124 தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார். முதல் மூன்று நிமிடம் பேச்சு எப்படிப் போகிறது என்பதை வைத்தே அந்தத் திருமணம் பின்னால் நிலைக்குமா என்பதைப் பெருமளவு கணிக்க முடிந்தது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு நன்றாக முடிவது அரிது. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்று நீதிமொழிகள் சொல்வதை நான் பயிற்சி வகுப்புகளில் இந்த ஆய்வோடு சேர்த்தே சொல்வேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, மகள் தூங்கிய பிறகு உட்காருங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், ஒரு மாலையைச் சொல்லுங்கள். "போன செவ்வாய் பாப்பாவுக்குக் காய்ச்சல், 102 டிகிரி. நான் தனியாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடினேன். எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று இருந்தது." உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இதைப்போலச் சொல்லுங்கள். அதன்பின் கேட்க வேண்டியதைத் திட்டமாகக் கேளுங்கள். "எங்களுக்கும் நேரம் கொடுங்கள்" என்றால் "சரி" என்பார், திங்கட்கிழமை மறந்துவிடுவார். "செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு வீட்டில் இருங்கள்" என்று கேட்டால் அது நடந்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரியும். பேச்சு சூடாகி இதயம் படபடவென்று அடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். உடல் அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். அதுவரை காதில் எதுவும் ஏறாது. ஆனால் எழுந்துபோகிறவர் எப்போது திரும்பி வந்து பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அது ஓய்வு அல்ல, தண்டனை.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரக்கூடிய ஒன்று. கடிதத்தோடு இரண்டு பக்கம் இணைத்திருந்தீர்கள்; இடமின்மையால் அதை இங்கே வெளியிடவில்லை. அதில் 11 தேதிகள் இருந்தன. எந்தத் தேதியில் என்ன சொன்னார், எந்தப் பிறந்தநாளுக்கு வரவில்லை என்று. அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். "அன்பு... தீங்கு நினையாது" என்று 1 கொரிந்தியர் 13இல் வாசிக்கிறோம். "நினையாது" என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ளது கணக்கர்கள் பேரேட்டில் வரவு வைப்பதற்குப் பயன்படுத்திய சொல். தீமையைக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போகாது என்று பொருள். நடந்த வலியைச் சொல்வது வேறு, அதைச் சேர்த்துவைப்பது வேறு. சொன்னால் ஆறும். சேர்த்தால் வட்டி ஏறும். 11ஐயும் ஒரே ஞாயிறில் அவர்முன் கொட்டினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், உங்களைக் கேட்க மாட்டார். அதில் மிக வலித்த ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவற்றை விட முடியுமா என்று தேவசமுகத்தில் பாருங்கள். இன்றைக்கே முடியாவிட்டாலும் பரவாயில்லை.

பணக் கணக்கு அப்படி அல்ல. அதை எழுதியே ஆக வேண்டும். உங்கள் ஏடிஎம் கார்டு உங்களிடம்தான் இருக்க வேண்டும். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். மாதம் முழுவதும் பள்ளியில் நின்று வேலை செய்கிற ஒரு பெண் பாலுக்கும் பஸ்ஸுக்கும் கை நீட்டுவது கிறிஸ்தவ ஒழுங்கு அல்ல. குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைப் பெண்கள் ஞாயிறில் வாசிக்காத சபை உண்டா? அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள். அந்த அதிகாரத்தின் கடைசி வசனமே அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கச் சொல்லித்தான் முடிகிறது. நம் நாட்டின் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்றே ஒரு பிரிவு உண்டு. உங்களை நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் கேட்பது அடங்காமை அல்ல, நியாயம் என்று நீங்களே நம்ப வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர்தானே? மாதக் கடைசியில் ஒரு மணி நேரம், ஒரு நோட்டு, இருவர் சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம், தசமபாகம், அத்தைக்கு, கடன் தவணை, சேமிப்பு என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த மொழி அது. 5,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவும் கடனும் இருவர் சம்மதம் இல்லாமல் இல்லை என்று ஒரு வரி முதல் பக்கத்தில் இருக்கட்டும். தொகையை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஊழியத்துக்குக் கொடுப்பது நல்லது. ஆனால் தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7இல் இருக்கிறது. மகளின் பாலுக்கு உரிய பணத்தைக் கூட்டத்துப் பந்தலுக்குக் கொடுப்பதும் எனக்கு அந்தக் கணக்கில்தான் படுகிறது.

அத்தையை எதிரியாக நினைக்காதீர்கள். மகன் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து அந்தக் கைதான் வீட்டை நடத்தியிருக்கும். சம்பளம் கைமாறினால் மகனே கைமாறிவிடுவான் என்று அந்த அம்மாவுக்குப் பயம் இருக்கலாம். "புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்" என்ற வசனம் மருமகளுக்குச் சொன்னதல்ல, மகனுக்குச் சொன்னது. அதனால் அம்மாவிடம் பேச வேண்டியவர் அவர்தான். நீங்கள் பேசினால் அது மாமியார் மருமகள் சண்டை ஆகிவிடும். விடுவது என்றால் கைவிடுவது அல்ல. சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தவர் நம் ஆண்டவர். மாதம் ஒரு தொகையை அத்தையின் சொந்தச் செலவுக்கென்று, முடிந்தால் உங்கள் கையாலேயே, முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்குகிற வேதனை உங்களுக்குத் தெரியும். அது அவருக்கு வர வேண்டாம்.

தனி அறையைப் பற்றி எழுதும்போது உங்கள் கை தயங்கியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1 கொரிந்தியர் 7இல் பவுல் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார். உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் தம்பதியர் பிரிந்திருக்கலாம், ஆனால் இருவரும் சம்மதித்து, சிலகாலம் மட்டும் என்கிறார். ஒருவர் தனியாக முடிவெடுத்து நாற்பது நாளை அறிவிப்பது அந்த வசனத்துக்குள் அடங்காது. அடுத்த லெந்துக்கு முன் இதை அமைதியாகச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நாட்களில் தள்ளப்பட்டவளாக உணர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

போதகரிடம் மறுபடி போங்கள். இந்த முறை ஜெபிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். போதகரின் மனைவி, ஐயரம்மாவும் உடன் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "அவரிடம் இருக்கிற நான்கு பொறுப்பில் இரண்டை வேறு ஆளுக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். எத்திரோ சொன்ன வழி அதுதான்: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று பங்கிடுவது. நான்கு பொறுப்பை ஒரே வாலிபன் தலையில் வைத்துவிட்டு அவன் வைராக்கியத்தை மேடையில் பாராட்டுகிற சபைக்கும் உங்கள் வீட்டு மாலைகளில் பங்கு உண்டு. போதகர் தயங்கினால், நீங்கள் இருவரும் மதிக்கிற, சபையில் மூத்த ஒரு தம்பதியை நடுவில் வையுங்கள். உங்கள் பெற்றோரை முதலில் இழுக்காதீர்கள். பெற்றோர் உங்களுக்காகக் கோபப்படுவார்கள். நீங்கள் சமாதானமான பிறகும் அவர்கள் கோபம் தங்கிவிடும்.

இவ்வளவும் அடி இல்லாத, மிரட்டல் இல்லாத வீட்டுக்கு. இதை வாசிக்கிற வேறு யாராவது வீட்டில் அடி விழுகிறது என்றால், அவர்களுக்கு நான் சொல்வது இதுவல்ல. பொறுமையாக இரு என்று சொல்வதற்கு எந்தப் போதகருக்கும் வேதத்தில் அனுமதி இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒரு சிறு மாற்றம் சொல்கிறேன். பல வீடுகளில் கணவர் நீளமாக ஜெபிப்பார், மனைவி தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்வார். அதை விட்டுவிட்டு, படுக்கும்முன் ஒருவரையொருவர் கேளுங்கள்: "நாளைக்கு உனக்காக நான் எதற்கு ஜெபிக்கட்டும்?" ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். தலைமையாசிரியரோடு ஒரு பேச்சு இருக்கிறது, முதுகு வலிக்கிறது, எதுவானாலும். பிறகு ஒருவருக்காக ஒருவர் இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். அவர் களைத்து வந்தாலும் இரண்டு நிமிடம் கொடுக்க முடியும். மறுநாள் மாலை "அது என்ன ஆயிற்று?" என்று கேட்கிற வீட்டில் வருத்தங்கள் அதிகநாள் பூட்டிக் கிடப்பதில்லை. "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" மனைவிக்குரிய கனத்தைச் செய்யுங்கள் என்று பேதுரு கணவர்களுக்கு எழுதியிருப்பதை, தருணம் பார்த்து அவர் கண்ணில் படும்படி வையுங்கள். வாக்குவாதத்தில் எடுத்து வீசாதீர்கள். வசனத்தை வீசினால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கைக்கு. நம் கல்யாணங்களில் விரும்பி வாசிக்கிற "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற ரூத்தின் வார்த்தை கணவனிடம் சொன்னதல்ல, மாமியார் நகோமியிடம் சொன்னது. அந்த உறவும் அன்பில் நிற்க முடியும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். சேலை, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பேச வேண்டியதை யாரும் பேசவிட்டிருக்க மாட்டார்கள். இருவருக்கும் என்ன கடன் இருக்கிறது, இரண்டு சம்பளமும் எந்தக் கணக்கில் விழும், யாரோடு குடியிருப்பது, வாரத்தில் எத்தனை மாலை வீட்டில் என்பதை அவர்கள் வாயாலேயே பேசிக்கொள்ளட்டும். உபாகமம் 24இல் புதிதாக மணமானவனை ஒரு வருடம் யுத்தத்துக்கே அனுப்பக் கூடாது, அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. யுத்தத்துக்கே விடுப்பு கொடுத்த தேவன் பாடகர் குழுப் பயிற்சிக்கும் கொடுப்பார். ஜனவரியில் கல்யாணம் என்றால் டிசம்பரில் ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். முதல் ஓலைக்கு முன்பே, ஒரு மாலை, உங்கள் வீட்டில் அவர்கள் இருவருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்து, முன் அறையில் உட்காரவைத்துவிட்டு, நீங்களும் உங்கள் கணவரும் சமையலறையில் இருங்கள். அந்த மாலைக்கு அவரையும் வீட்டில் இருக்கும்படி கேளுங்கள்.